சாக்கின் மேல் துரை

வெள்ளிக்கிழமை காலையில் பெரியநாயகி இரண்டாவது தடவையாக வாசலைக் கழுவிவிட்டாள். அது காய்வதற்குள் மறுபடியும் வாளியைத் தூக்கியவளைப் பார்த்து, "வாசலு தேஞ்சிடப் போவுது" என்றார் அவள் கணவர் காசிநாதன்.

"தேஞ்சா தேயட்டும். உங்களுக்கு இன்னா, பேப்பர் படிச்சிக்கினு குந்தியிருக்கீங்க. எனக்கு வவுத்துல நெருப்ப கட்டிக்கினு இருக்குது."

கட்டிக்கொண்டு இருக்கத்தான் செய்யும். மருமகள் ராஜாம்பாள் என்கிற ராஜி மூன்று மாதக் குழந்தையோடு இன்று உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிறாள். வந்தவள் தங்குவாளா, வந்த காரிலேயே திரும்புவாளா என்பது மாமியார் கையிலும் இல்லை, மாமனார் கையிலும் இல்லை. அந்த வீட்டு நாய் துரையின் வாயில் இருக்கிறது.

வைகாசியில் நடந்தது இது. ஏழு மாத வயிற்றோடு வாசலில் கோலம் போடக் குனிந்தாள் ராஜி. எங்கிருந்தோ பாய்ந்து வந்த துரை, உறுமிக்கொண்டே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் கோலமாவுக் கிண்ணத்தோடு சாய்ந்தாள். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் போனவள்தான்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "இந்த வூட்டு நாய்க்குக்கூட என்னப் புடிக்கல."

அந்த 'கூட' என்ற வார்த்தை பெரியநாயகிக்குச் சோறு இறங்க விடவில்லை.

நாயை எங்காவது விட்டுவிட்டால் தீர்ந்தது என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். ராஜியின் கணவன் பச்சமுத்துவிடம் சொல்ல முடியாது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி வருகிறவன் அவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளிமலை இறக்கத்தில், மழையில் நனைந்துகொண்டு நின்ற குட்டியை மினி வேனில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். சீட்டில் கால்மேல் கால் போடாத குறையாக வந்து இறங்கியதால் துரை என்று பெயர் வந்தது.

மனைவியா நாயா என்று யாரும் அவனை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே இளைத்துப் போனான்.

போன வாரம் ராஜியே போன் செய்து ஒரு வழி சொன்னாள். "வர்றேன். ஆனா நாய கட்டிப்போட்டு ஏமாத்தக் கூடாது. கட்டிப்போட்ட நாயி என்னிக்காவது ஒருநாள் அவுந்துக்கும். அவுத்துவுட்டு, அது சும்மா இருக்கறத நான் என் கண்ணால பாக்கணும். எம்புள்ளய பாத்து ஒரு தடவ உறுமிச்சின்னாலும் திரும்பிடுவேன். அப்பறம் யாரும் வந்து கூப்புடக் கூடாது."

இன்றைக்குத்தான் அந்தப் பரீட்சை.

காலை டிபன் நேரத்துக்கு நூர் முகமது வந்தான். நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பையன் என்று கள்ளக்குறிச்சியில் சொன்னால், இன்னமும் சிலர் சிரிக்கிறார்கள். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்தவன். அப்பாவுக்குக் கடைத்தெருவில் செருப்புக் கடை. பைக் பெட்டியில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பான். நாய் நக்கிய உடுப்போடு தொழுகைக்குப் போகமுடியாது, அம்மாவும் வாசற்படி ஏறவிட மாட்டாள்.

"கடைசி தடவ ஒரு ரவுண்டு பாத்துருவோம்யா" என்றான்.

காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆவணியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நூர் முகமது வந்து சொல்லிக்கொடுக்க, மற்ற நாட்களில் வீட்டில் பழக்குவது அவர் பொறுப்பு. முகூர்த்த நாள் கூட்டத்தையே படியிலிருந்து உள்ளே ஏற்றியவருக்கு ஒரு நாயைச் சாக்கில் உட்காரவைப்பது பெரிய காரியமா என்பது அவர் கட்சி.

கூடத்து மூலையில் கோணிச் சாக்கு விரித்திருந்தது. "துரை, எடத்துக்கு" என்றான் நூர் முகமது. துரை போய்ச் சாக்கில் உட்கார்ந்தது.

காலிங்பெல் அடித்தார்கள். அசையவில்லை. டவலில் சுற்றிய பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியநாயகி அதன் எதிரே இரண்டு நடை நடந்தாள். அசையவில்லை. பச்சமுத்து அனுப்பியிருந்த பேரனின் அழுகைச் சத்தத்தைப் போனில் வைத்தார்கள். காது மட்டும் முன்னுக்கு வந்தது.

பெரியநாயகி சாமி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நூர் முகமதுவின் பைக் சாவி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். துரையின் மேலுதடு லேசாகச் சுருண்டது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மிக்சி தூரத்து வீட்டில் ஓடுகிற மாதிரி.

நூர் முகமது குனிந்தபடியே நின்றான். மெல்ல நிமிர்ந்தான். சத்தம் நின்றது.

"யாராவது இத கல்லால அடிக்கிறாங்களாய்யா?"

"சீச்சீ!" என்றார் காசிநாதன். "இந்த வூட்ல யாரும் இதுமேல ஒரு கல்லுகூட வுட்டெறிஞ்சதில்ல."

"தெருவுல?"

"தெருவுக்கே போறதில்ல. தொர ஆச்சே."

சிரித்தார். பெரியநாயகி சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் செய்தவளுக்கு, எந்தச் சிரிப்பு எதை மறைக்க வருகிறது என்று தெரியாதா? ஆனால் வெளி ஆள் முன்னால் கேட்க மனம் வரவில்லை.

"எனக்கு மனசு சரியில்லம்மா" என்றான் நூர் முகமது அவளிடம். "அவங்க வர்றப்ப நான் பக்கத்துல இருந்தா தேவல. எப்ப வர்றாங்க?"

"பத்தரைலருந்து ராகு காலம். பன்னண்டு தாண்டித்தான் புள்ளய உள்ள எடுத்தாறணும்."

"அப்ப நான் குளிச்சிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பேன். நாளைக்கு வெச்சிக்கலாம்னு சொன்னேனேம்மா. நாளைக்குன்னா ஈரலும் இருக்கும்."

"சம்மந்தியம்மாதான், மொத மொத புள்ள வர்றது வெள்ளிக்கிழமையா இருக்கட்டும்னுட்டாங்க தம்பி."

வெள்ளிக்கிழமை பெரியநாயகியின் அடுப்பில் கவுச்சி ஏறாது. சொன்ன பேச்சைக் கேட்டால் துரைக்கு ஒரு துண்டு வெந்த கோழி ஈரல் என்பது பயிற்சியின் கணக்கு. இன்று அதற்குப் பதிலாகப் பொறை ரொட்டி. துரை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாத விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தைப் போல அப்படியே வைத்திருந்தது.

"ஏதாச்சும் ஒண்ணுன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நூர் முகமது கிளம்பினான். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தாள் பெரியநாயகி. அவசரத்தில் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது. கூடத்தில் காசிநாதன் குரல் கேட்டது.

"எடத்துக்கு! எடத்துக்குன்றேன் இல்ல? பொறை போட்டா தொரைக்கு எறங்காதோ?"

பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. சமையலறைக் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

துரை சாக்கை விட்டு இறங்கி நடுக்கூடத்தில் நின்றது. காசிநாதன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சட்டென்று குனிந்தார். வலது கையைத் தரையில் துழாவி, எதையோ பொறுக்குகிற மாதிரி விரலை மடக்கினார். அவ்வளவுதான். துரை வாலைக் கவட்டில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் காட்டி உறுமியபடியே பின்வாங்கிப் போய்ச் சாக்கில் ஒடுங்கியது.

"இன்னாங்க பண்றீங்க?"

காசிநாதன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையை விரித்துக் காட்டினார். "கல்லு ஒண்ணுமில்ல. பாரு, வெறுங்கை."

"எத்தினி நாளா?"

"குட்டியா இருக்கச்சலருந்தே எப்பனா செய்யறதுதான். எந்த ஊரு நாயும் குனிஞ்சா ஓடும், தெரியாதா உனக்கு?" என்றவர் குரலைத் தணித்தார். "பொரட்டாசில நீ ஈரல நிறுத்திட்ட. பொட்டுக்கடலைக்கு அது ஒக்காருமா? நூரு தம்பி வந்து பாத்தா நான் பழக்கலன்னு நெனைக்கும். அப்பத்தான் தெனமும்... ஒரு தடவ குனிஞ்சா போதும், கம்முனு ஒக்காந்துக்கும். ஒரு கல்லு எறிஞ்சிருப்பனா நானு?"

பெரியநாயகி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ராஜி அன்னிக்கு கோலம் போட இன்னா பண்ணா?"

காசிநாதன் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"குனிஞ்சா" என்றாள் அவளே. "அவ குனிஞ்சா. தரையில கைய வெச்சா."

அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். ஐந்து மாதமாக அவருக்கு இது தோன்றவே இல்லையா, தோன்றியும் தள்ளிவிட்டாரா? அதைக் கேட்க நேரமில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

நாயைப் பின்கட்டில் கட்டிவிடலாமா? ராஜி கேட்கிற முதல் கேள்வியே 'துரை எங்க' என்பதாகத்தான் இருக்கும். கட்டியிருப்பதைப் பார்த்தால் படி ஏறமாட்டாள். பெரியநாயகி ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆரத்தி நின்றுகொண்டுதான் எடுப்பது, யாரும் குனிய வேண்டியதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

சினேகிதனின் காரை இரவல் வாங்கி ஓட்டி வந்திருந்தான் பச்சமுத்து. காரின் தலையில் தாய்மாமன் சீராக வந்த இரும்புத் தொட்டில், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முதலில் இறங்கியது சம்மந்தி ரங்கம்மாள். பின்னால் ராஜி, மார்போடு அணைத்த குழந்தையோடு.

பேரனின் முகத்தைப் பார்த்ததும் பெரியநாயகிக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. மூக்கு அப்படியே பச்சமுத்து. ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள்.

"துரை எங்க அத்த?"

"உள்ளதாம்மா. அவுத்துத்தான் வுட்டிருக்குது."

ராஜி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். சாக்கின் மேல் துரை உட்கார்ந்திருந்தது. பச்சமுத்துவைக் கண்டு வால் மட்டும் தரையைத் தட்டியது. எழவில்லை. குழந்தை லேசாகச் சிணுங்கியது. அப்போதும் எழவில்லை.

ராஜி ஒரு பெரிய மூச்சு விட்டாள். பச்சமுத்துவின் முகத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கீங்க மாமா" என்றாள் ராஜி. குழந்தையை அம்மாவிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே, மாமனார் மாமியார் காலில் விழக் குனிந்தாள்.

இதை எப்படி மறந்தோம் என்று பெரியநாயகிக்குப் பகீர் என்றது.

"வேணாம்! குனியாத!"

ராஜியின் இரண்டு தோளையும் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் ராஜி தடுமாறி அம்மாவின் மேல் மோதினாள். சாக்கில் துரை எழுந்துவிட்டது. மேலுதடு சுருண்டு, அந்தச் சத்தம் ஆரம்பமாகியது.

அந்த நேரத்தில் காசிநாதன் செய்ததை வேண்டுமென்று செய்தார் என்று சொல்லமாட்டேன். கை பழகிவிட்டது. நாயை அடக்க வேண்டும் என்று நினைத்தார், குனிந்துவிட்டார்.

துரை ஒரே பாய்ச்சலில் வந்து அவர் வேட்டியைக் கவ்வியது. டர்ரென்று கிழிந்தது. குழந்தை வீறிட்டது. ரங்கம்மாள் பேரனை இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒட்டினாள். பச்சமுத்து பாய்ந்து வந்து துரையின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். பிடித்த உடனே அது வேட்டியை விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அதற்கடியில் ஈரம் பரவியது.

"ராஜி, வா போலாம்" என்றாள் ரங்கம்மாள். "கால்ல வுழ வந்த பொண்ண புடிச்சித் தள்றாங்க. நாயி கடிக்க வருது. இன்னும் இன்னா பாக்கணும்?"

"ஐயோ சம்மந்தி, அவள நான் தள்ளல..." பெரியநாயகி கணவரைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க என்றது அந்தப் பார்வை.

கிழிந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் காசிநாதன். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு உத்தரவு போட்டே பழகின தொண்டை.

"தப்பு நாய் மேல இல்ல. எம்மேல."

சொன்னார். கல்லெடுக்கிற மாதிரி குனிந்ததை, புரட்டாசி முழுக்க அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டதை, காலையில் நூர் முகமது கேட்டபோது சிரித்து மழுப்பியதை. யாரையும் பார்க்காமல் சாக்கைப் பார்த்துச் சொன்னார்.

ராஜி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப கோலம் போட்டப்ப, நான் கல்லெடுக்கறேன்னு நெனச்சிக்கினுதான் வந்திச்சா?"

"ஆமாம்மா."

"என்னப் புடிக்காம இல்லியா?"

"உன்னப் புடிக்காதவங்க இந்த வூட்ல யாரும்மா?" என்றாள் பெரியநாயகி.

ராஜி அழுதுவிட்டாள். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுதுகொண்டே துரையைப் பார்த்தாள். அதன் முதுகு இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. தான் பயந்ததைவிட அது அதிகமாகப் பயந்திருக்கிறது என்று அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"இனிமே நான் குனியவே மாட்டேம்மா" என்றார் காசிநாதன். "சத்தியமா."

ராஜி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க குனியாம இருந்துடுவீங்க மாமா. நான்? பெருக்கணும்னா குனியணும். கோலம் போடணும்னா குனியணும். புள்ளய தொட்டில்லருந்து தூக்கணும்னாலும் குனியணும். நாள் முச்சூடும் குனிஞ்சிக்கினே இருக்கறவ நானு. நீங்க இந்த வூட்ல எதுக்கு குனிஞ்சிருக்கீங்க? நாய வெரட்ட மட்டுந்தான?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காசிநாதன் வேட்டிக் கிழிசலை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

பெரியநாயகி போனை எடுத்தாள். நூர் முகமது பள்ளிவாசலுக்குள் நுழையப் போகிற நேரம். நடந்ததை அவள் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "எம்மேலயும் தப்பு இருக்குதும்மா. பொம்மைய காட்னேன், அழுவுற சத்தத்த காட்னேன். மனுஷன் குனியறத காட்டணும்னு எனக்கும் தோணல. யாரும் அதுங்கிட்ட போவாதீங்க. தொழுதுட்டு நேரா வர்றேன். மொதல்லருந்து ஆரம்பிக்கணும். குனியற ஒவ்வொரு கையிலயும் அதுக்கு எதுனா தின்ன இருக்கணும். ஆனா வெறும் பொறைய வெச்சிக்கினு முடியாதும்மா."

பெரியநாயகி சாமி படத்தை ஒருமுறை பார்த்தாள். குங்குமமும் மல்லிகைச் சரமும் காலையில் வைத்ததுதான்.

"வர்றப்ப ஈரல் வாங்கிக்கினு வா தம்பி. நான் வேக வெச்சித் தர்றேன்."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைம்மா."

"எனக்குத் தெரியாதா? வாங்கிக்கினு வா. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ரங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பேரனை மடியில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தாளே, அது போதும் என்றிருந்தது பெரியநாயகிக்கு.

பச்சமுத்து துரையைச் சாக்கில் விட்டுவிட்டு வாசலுக்குப் போனான். வெயிலில் காரின் மேல் இரும்புத் தொட்டில் காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"ராஜி, தொட்டில எறக்கட்டுமா?"

ராஜி சாக்கைப் பார்த்தாள். துரையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கைகளை.

"கயித்த மட்டும் அவுத்து வைங்க" என்றாள். "அந்தத் தம்பி வர்ற வரைக்கும் தொட்டிலு கார் மேலயே இருக்கட்டும்."